மணிவேல் கொன்ற பதினோரு சூனியக்காரிகள்

மணிவேல் அதுவரை பதினோரு பெண்களைக் கொன்றிருந்தான். நான்கு பேரை உயிரோடு எரித்தான். மூன்று பேரைக் கிணற்றில் தள்ளினான். இரண்டு பேரை பச்சைமலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டான். ஒருத்தியைப் பாம்பு கடித்தது. இன்னொருத்தி, வைத்த செய்வினை தனக்கே திரும்பி, ரத்தம் கக்கிச் செத்தாள். எல்லாக் கொலையும் தொண்ணூற்று நாலாம் பக்கத்தில்தான் நடக்கும். மாத நாவலுக்கு மொத்தமே தொண்ணூற்றாறு பக்கம். மிச்சமிருக்கும் இரண்டு பக்கத்தில் கதாநாயகனுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும்.

இவ்வளவு கொலை செய்தவன் எப்படி இருப்பான் என்று கேட்டால், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் மாதிரி இருப்பான். தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர் உத்தியோகம். சிறுவாச்சூரில் ரோட்டோரமாக வீடு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டால் அவரை எழுப்பக் கூச்சப்பட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து நடந்தே திரும்பி வந்தவன்.

அப்படிப்பட்டவனுக்கு சூனியக்காரிகள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ரேஷன் கடையில் எடை போடும் பெண் ஒருநாள், "வரிசைல வாங்க சார், ஆபீசருக்குத் தனி வரிசையெல்லாம் இங்க இல்ல" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே அவளுக்குக் கோரைப்பல் முளைத்து, தராசில் மனிதத் தலைகளை நிறுத்துக்கொண்டிருந்தாள். பேங்கில் ஒரு பெண், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று இவனுடைய படிவத்தைத் திருப்பித் தள்ளினாள். அவள் மயானத்துக்குக் குடிபோனாள். மாமியார் பாப்பாயி ஒரு காதுகுத்தில் பத்துப் பேர் நடுவில், "மாப்ள, இன்னும் அதே நாக்காலிதானா?" என்று கேட்டாள். அவளை முதலில் எரித்தான், மனசு ஆறவில்லை, பேரை மாற்றி இரண்டு மாதம் கழித்துக் கிணற்றிலும் தள்ளினான். ஒரு பெண் நிமிர்ந்து நின்று நாலு வார்த்தை பேசினால் போதும், மணிவேலுக்கு நாவல் ஒன்று தயார்.

இதையெல்லாம் அவன் சொந்தப் பேரில் எழுதவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தன் கதை எழுதிச் சன்மானம் வாங்க வேண்டுமானால் மேலே அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கேட்பதென்றால் ஒரு அதிகாரியின் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கு சூனியக்காரியிடமே போய் நிற்கலாம் என்று மணிவேலுக்குத் தோன்றியது. தமிழ்நாட்டில் இந்தச் சங்கடத்துக்கு ரொம்ப நாளாக ஒரு வழி இருக்கிறது. ஆண்கள் பெண்டாட்டி பேரில் எழுதிவிடுவார்கள். அப்படித்தான் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'திகில்மாலை' மாத நாவலில், 'சிறுவாச்சூர் அமிர்தவல்லி' என்ற எழுத்தாளர் 1997 அக்டோபரில் பிறந்தார்.

நிஜ அமிர்தவல்லிக்கும் இதில் வேலை இருந்தது. மணிவேலின் கையெழுத்து பத்து வருஷம் ஆபீஸ் குறிப்பெழுதிப் பழகியது. அச்சுக்கோப்பவர்கள் படிக்க முடியாது. ஆகவே முழு நாவலையும் அவள்தான் அழகாகப் பிரதி எடுத்து, உறையில் போட்டு, தபாலில் சேர்ப்பாள். வாசகர் கடிதம் வந்தால் படித்துப் பதில் போடுவதும் அவள்தான். மணிவேல் பாராட்டை மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வான்.

பிரதி எடுக்கும்போது அவளுக்கு அடிக்கடி ஒரு சந்தேகம் வரும்.

"ஏங்க, இவ எதுக்குங்க சாவுறா? இவ சொன்னதெல்லாம் நியாயமாத்தான இருக்கு?"

"சூனியக்காரின்னா சாவணும். வாசகர்ங்க அதத்தான் எதிர்பாப்பாங்க."

"கடுதாசில யாரும் அப்புடி எழுதலயே. அவ வர்ற எடந்தான் நல்லாருக்குன்னு எழுதுறாங்க."

"ஒனக்கு ஒன்னும் தெரியாது. எழுது" என்பான் மணிவேல். உலகத்தில் அவன் அதட்டிப் பேசக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். அதையும் அவள் அனுமதித்து வைத்திருந்தாள்.

சிறுவாச்சூர் என்ற பேரை முன்னால் ஒட்டிக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. திங்களும் வெள்ளியும் காளி கோயில் திறக்கும் நாள். பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். அதில் நாலு பேர் சாமி கும்பிட்டுவிட்டு, "எழுத்தாளரம்மா வூடு எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அந்தக் காளியின் ஊரிலிருந்து ஒரு பெண் சூனியத்தைப் பற்றி இத்தனை விவரமாக எழுதினால் சும்மாவா இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். முதல் இரண்டு மாதம் அமிர்தவல்லி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது மாதம் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டாள்.

உள்ளூரிலும் மரியாதை ஏறியது. மாவு மில்லில் அவள் தூக்குவாளியைக் கண்டால் மற்றவர்கள் வாளி பின்னால் போய்விடும். எட்டு வருஷமாக இவர்கள் வாசலில் குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், ஒரு காலையில் தன் வாசலோடு இவர்கள் வாசலையும் சேர்த்துப் பெருக்கிவிட்டுப் போனார். அவள் கை காட்டினால் நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. அதே பஸ் மணிவேலுக்கு நிறுத்தத்திலும் நிற்காது.

"எல்லாரும் ஒன்னப் பாத்து பயப்படுறாங்க அமிர்தம். எனக்கு இது நல்லாப் படல" என்றான் ஒருநாள்.

"பயந்தா பயந்துட்டுப் போறாங்க. எனக்கு மாவு சீக்கிரம் அரைஞ்சா சரி" என்றாள் அவள்.

இந்த நிலையில்தான் அடுத்த வருஷம் ஜூனில் ஆபீசுக்குப் புதுத் தாசில்தார் வந்தார். பேர் ஜெயலட்சுமி. நல்ல உயரம், மூக்குக்கண்ணாடி, நிதானமான குரல். வந்த மூன்றாம் நாள் மணிவேல் வைத்த கோப்பில் மூன்று இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அவனைக் கூப்பிட்டு, "இத நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா மணிவேல்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் முழு ஆபீசும் எழுதுவதை நிறுத்திவிட்டு இவனைப் பார்த்தது.

அன்று சாயங்காலமே மணிவேல் 'ஆலகாலி'யைத் தொடங்கிவிட்டான். ஆலகாலி ஆறடி உயரம், மூக்குக்கண்ணாடி போட்டவள். கண்ணாடி போட்ட சூனியக்காரியைத் தமிழ் வாசகர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. கன்னி கழியாத ஆண்களின் ரத்தத்தைப் பேனாவில் நிரப்பி ஓலையில் வட்டம் வட்டமாகப் போடுவாள். வட்டத்துக்குள் எவன் பேர் இருக்கிறதோ அவன் மறுநாள் பிணம். தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் கதாநாயகன் அவளைப் பாழுங்கிணற்றில் தள்ளினான். எழுதி முடித்தபோது மணிவேலுக்கு மூன்று வட்டத்துக்கும் பழி வாங்கியது போல் மனசு குளிர்ந்தது.

ஆகஸ்டில் புத்தகம் கடைகளில் தொங்கியது. அதே வாரம் தாசில்தார் ஆபீஸ் படியில் கால் பிசகி விழுந்து, கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

மணிவேலுக்குப் பக்கத்து சீட்டு சுரேஷ்குமார், கிடைக்கிற மாத நாவலையெல்லாம் கோப்புக்குள் மறைத்து வைத்துப் படிக்கிறவன். கண்ணாடி, உயரம், சிவப்பு மை, வட்டம். இப்போது கால் வேறு. அவனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் மணிவேலுக்குக் கீழே அவன் பேர் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மொட்டை மனு எழுத அவனுக்கு ராத்திரி தேவைப்படவில்லை, மதியச் சாப்பாட்டு இடைவேளையே போதும். மணிவேல் என்பவன் அனுமதி வாங்காமல் மனைவி பேரில் நாவல் எழுதுகிறான், மேலதிகாரியையே சூனியக்காரியாகச் சித்தரித்திருக்கிறான், விசாரித்து நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, உண்மை விளம்பி.

அந்த ஆபீசுக்கு வருகிற தபாலையெல்லாம் பிரித்துப் பதிவு செய்கிற சீட்டில் இருந்தது மணிவேல். ஆகவே அவன் மேல் வந்த மொட்டை மனுவை அவனேதான் பிரித்தான். படித்தான். கிழித்துப் போட்டிருக்கலாம், பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம், டீ குடிக்கப் போகும் வழியில் சாக்கடையில் விட்டிருக்கலாம். வேறு எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் வந்த காகிதத்தைப் பதியாமல் விடுவது அந்தக் கைக்குத் தெரியாது. பதிவேட்டைத் திறந்து, எண் கொடுத்து, 'பொருள்: இளநிலை உதவியாளர் மணிவேல் மீதான புகார்' என்று எழுதி, முத்திரை குத்தி, தாசில்தார் மேஜைக்கு அனுப்பிவிட்டுத்தான், பதிந்தது தன் பேர் என்பதை மறுபடி படித்துப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்து வாசலில் நின்றது. தாசில்தார் லேசாக நொண்டியபடி இறங்கினார். கையில் 'ஆலகாலி'.

மணிவேல் முந்தின நாளே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கும்பிடாத குறையாகக் கேட்டிருந்தான். அவள்தான் எழுதினாள் என்று ஆகிவிட்டால் அவன் உத்தியோகம் பிழைக்கும். இல்லையென்றால் விளக்கம் கேட்டு மெமோ வரும், பிறகு சஸ்பெண்ட் வரும், பிறகு பாப்பாயி வருவாள். அமிர்தவல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாத்துக்கலாங்க" என்று மட்டும் சொன்னாள்.

தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் நீங்க எழுதுனதாம்மா?"

"எல்லாம் என் கையெழுத்துலதாங்க சென்னைக்குப் போச்சு."

"அது கையெழுத்து. நான் கதையக் கேட்டேன்."

அமிர்தவல்லி கொஞ்சமும் அசரவில்லை. "கதையும் நாந்தாங்க."

"சரி. அப்ப எனக்கு முன்னால ஒக்காந்து ரெண்டு பக்கம் எழுதுங்க. கெணத்துல உழுந்தாளே இந்தக் கண்ணாடிக்காரி, அதுக்கப்பறம் என்ன ஆச்சுன்னு எழுதுங்க. மணிவேல், நீங்க வெளில நில்லுங்க."

மணிவேல் வெளியே வந்து ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிணற்றில் விழுந்தவளுக்கு அப்புறம் என்ன ஆகும். செத்துப்போவாள், அவ்வளவுதான். பதினோரு நாவல் எழுதியவனுக்கே அதற்கு மேல் ஒரு வரி தோன்றவில்லை. மளிகைச் சாமான் பட்டியலும் வாசகர்களுக்கு நலம் விசாரிப்பும் தவிர சொந்தமாக எதுவும் எழுதியிராத அமிர்தம் என்ன எழுதுவாள்? தன் உத்தியோகம் அந்த வீட்டுக்குள் ஒரு ரெண்டு ரூபாய்ப் பேனா முனையில் தொங்குகிறது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்தது.

ஜீப் டிரைவர் செல்லக்கண்ணு பீடியை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சார், ஒரு ஒத்தாச பண்ணணும். வூட்டம்மாகிட்டச் சொல்லி, என் மச்சான் ஒருத்தன் இருக்கான், அவனையும் கதைல சேத்து ஒரு கெணத்துல தள்ளச் சொல்லுங்களேன். சாவ வாணாம். கால் மட்டும் பெசகுனாப் போதும்."

அரை மணி நேரம் ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. உள்ளே சத்தமே இல்லை. பிறகு காகிதம் புரளும் ஓசை கேட்டது. அதன்பின் இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

சாதாரணச் சிரிப்பில்லை அது. ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி தொடங்கி, மூச்சு வாங்கி, மறுபடி இருவருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். ஒவ்வொரு நாவலிலும் சூனியக்காரியை 'அண்டம் கிடுகிடுக்கச் சிரித்தாள்' என்று எழுதியிருக்கிறானே தவிர, பெண்கள் அப்படி விட்டுச் சிரித்து மணிவேல் கேட்டதே இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அமிர்தம் தன்னிடம் ஒருநாள்கூட இப்படிச் சிரித்ததில்லை என்பது அந்த வெயிலில்தான் அவனுக்கு உறைத்தது. பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார். கையில் நாலு பக்கம்.

"இந்தாங்க, படிச்சுப் பாருங்க. இதையாவது படிச்சுப் பாருங்க" என்றார்.

மணிவேல் படித்தான். ஆலகாலி கிணற்றுக்குள் விழுந்தாள். நீச்சல் தெரியும், நீந்தினாள். பிறகு படியேறி மேலே வந்தாள். கிணற்றுக்குப் படி இருக்கிறது என்பது தள்ளிவிட்டவனுக்குத் தெரியாது, அவன் ஒருநாளும் தண்ணீர் எடுக்கப் போனதில்லை. குடம் சுமந்தவளுக்கு இருட்டிலும் அந்தப் படி தெரியும். மேலே வந்தவள் சேலையைப் பிழிந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே கதாநாயகன் தன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். ஈரச் சேலையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, "எலைய முன்னாடியே போடச் சொல்லுப்பா, நீஞ்சுனதுல பசிக்குது" என்றாள். அவ்வளவுதான் நாலு பக்கமும். நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்ததென்று அவனுக்குத்தான் ரொம்பத் தெரிந்தது, அவனும் எழுதுகிறவன்தானே.

"ஒங்க வூட்டம்மா பிரமாதமா எழுதுறாங்க மணிவேல்" என்றார் தாசில்தார். "முந்தி வந்த முடிவெல்லாந்தான் மட்டம். யாரோ பக்கத்துல ஒக்காந்து கெடுத்துருக்காங்க."

"ஆமாங்க மேடம்" என்றான் மணிவேல்.

மறுநாள் ஆபீசில் தாசில்தார் அவனைக் கூப்பிட்டு, மனுவை முடித்து மேலே அறிக்கை அனுப்ப வேண்டும், தட்டச்சர் லீவு, நீங்களே அடியுங்கள் என்றார். அவர் சொல்லச் சொல்ல மணிவேல் அடித்தான். மேற்படி நாவல்களை எழுதியவர் திருமதி அமிர்தவல்லி என்பவரே. அவர் என் முன்னிலையில் தன் கைப்பட நான்கு பக்கங்கள் எழுதிக் காட்டினார். மணிவேல் என்பவருக்கு இவற்றில் எவ்விதப் பங்கும் இல்லை. அவருக்கு அதற்கான திறமையும் இல்லை.

மணிவேலின் விரல் எந்திரத்தின் மேல் நின்றது.

"மேடம், அந்தக் கடைசி வாக்கியம்..."

"ஏன், இருக்கா?"

இருக்கிறது என்றால் உத்தியோகம் போகும். சுற்றிலும் பேனாக்கள் நின்றன. சுரேஷ்குமார் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். பதினோரு நாவல், ஆயிரத்துக்கு மேல் பக்கம், பாராட்டிக் கடிதம் எழுதிய அத்தனை முகம் தெரியாத ஜனம், எல்லாம் மணிவேலின் கண் முன்னால் வந்து நின்றன.

"இல்லங்க மேடம்."

"அப்ப அடிங்க."

அடித்தான். கீழே ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டான். சர்க்கார் முத்திரையோடு அன்றைக்கு அவனிடமிருந்து கதை போயிற்று.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது கோயில் கூட்டத்தில் ரோடு திணறிக்கொண்டிருந்தது. வாசலில் மூன்று ஜோடி வெளியூர்ச் செருப்பு. அவர்கள் போகும் வரை மணிவேல் பின்பக்கம் நின்றான். உள்ளே வந்தால், அமிர்தவல்லி காகிதக் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது நாவல். ஞாயிற்றுக்கிழமை எழுதிய நாலு பக்கம் முப்பதாக வளர்ந்திருந்தது.

"அந்த அறிக்கைல என்ன எழுதிருக்காங்க தெரியுமா?" என்றான்.

"தெரியும். மேடந்தான் நேத்தே சொன்னாங்களே, கேட்டுத்தான் சிரிச்சோம்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒக்காருங்க. ஒன்னு கேக்கணும். கல்யாணப் பந்தல்ல ஆலகாலி அவனக் கேக்குறா, நீ என்னைய எதுக்குடா கொல்ல வந்தேன்னு. அவன் என்ன பதில் சொல்லுவான்னு எனக்குத் தெரியல. பதினோரு கதையையும் பொரட்டிப் பாத்துட்டேன், எதுலயும் காரணம் இல்ல. அவளுங்க ஒருத்தியும் அவன ஒன்னும் பண்ணவே இல்லையே."

ரத்தம் குடிக்கிறாளே, பிணம் தின்கிறாளே என்று சொல்ல வாயெடுத்தான். அதெல்லாம் பிறகு தான் ஒட்டவைத்தது என்பது அவனுக்குத் தெரியாதா? ரேஷன் கடைப் பெண் வரிசையில் வரச் சொன்னாள். பேங்குப் பெண் கையெழுத்தைச் சரியாகப் போடச் சொன்னாள். தாசில்தார் படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார், அவன் படிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றான்.

"அவனுக்கா?"

மணிவேல் காகிதக் கட்டின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தான். அமிர்தவல்லி இப்போது சிரிக்கவில்லை. அவனைப் பார்த்துவிட்டு, குனிந்து, அந்த இரண்டு சொல்லையும் கதாநாயகன் வாயில் எழுதிக்கொண்டாள்.

அக்டோபரில் நாவல் வந்தது. அந்தத் தடவை தபால்காரர் கடிதங்களைத் தனியாகக் கட்டி எடுத்துவர வேண்டியிருந்தது. திருமானூரிலிருந்து ஒருவர், அந்தக் கதாநாயகன் சொல்லும் ஒரு வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தார். இன்னொருவர், இத்தனை வருஷத்தில் ஒரு ஆம்பிளை வாயிலிருந்து இப்படி ஒரு உண்மை வந்து நான் படித்ததில்லை என்று எழுதியிருந்தார். முக்கால்வாசிக் கடிதம் அந்த வரியைப் பற்றித்தான். மணிவேல் ஒவ்வொன்றையும் பிரித்து இரண்டு தடவை படித்தான். எல்லாம், அன்புள்ள அமிர்தவல்லி அம்மா அவர்களுக்கு என்றுதான் ஆரம்பித்தன.